புதன்கிழமைக் கேள்வி

ஐயோ அக்கா, மூடியில மட்டும் கை வச்சிடாதீங்க! கத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க. காலையிலேர்ந்து இந்தச் சட்டிக்குக் காவல் இருக்கேன், யார் கையை நீட்டினாலும் வாய் தானா கத்திடுது. இப்பத் தொறந்தா உள்ள அடைஞ்சிருக்கற சூடெல்லாம் ஓடிப்போயிடும், மறுபடி ஏறி வர அரை மணி ஆயிடும். எனக்கெப்படித் தெரியும்னா கேக்கறீங்க? நீங்கதான் சொன்னீங்க. ஆமாக்கா, சத்தியமா நீங்கதான். எங்கிட்ட சொல்லல. யாருகிட்ட சொன்னீங்கன்னு சொல்றேன், முதல்ல உக்காருங்க.

அந்த நாற்காலி வேணாம், அதுல என் பொண்ணு ஜாமைத் தடவி வச்சிருக்கா. இதுல உக்காருங்க. பையை இப்படிக் குடுங்க. அம்மாடி, என்ன கனம்! என்ன இது, மாத்திக் குடுக்கறதுக்குப் புதுக் கறியா? பாருங்களேன். கறியில கோளாறுன்னு ஒரு போன் வந்ததும் கடைக் கதவை இழுத்துச் சாத்திட்டு, ஏப்ரனைக்கூட அவுக்காம மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு. லிப்ட் ஓடி எவ்வளவோ நாளாச்சுக்கா. ஊர்ல இருக்கற லிப்ட்டையெல்லாம் ரிப்பேர் பாத்த மனுஷன் இந்த வீட்டுலயே இருக்கார், ஆனா ரிட்டயர்டு ஆளு தொடக்கூடாதுன்னு கட்டடத்துக்காரங்க பூட்டு போட்டுட்டாங்க. அவரு தினமும் அந்தக் கதவுல காதை வச்சுக் கேட்டுட்டு, வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கிட்டு, படியேறி வருவார்.

தண்ணி குடிங்க. இல்ல, முழுசாக் குடிங்க.

குறை என்னன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். வாசனை வருதா? நல்லா இழுத்துப் பாருங்க. கெட்டுப்போன கறி வாசனையா இது? இல்லேல்ல. அப்ப குறை கறியில இல்லன்னு ஆயிடுச்சு. ஐயோ எழுந்திரிக்காதீங்கக்கா! முழுசாச் சொல்லிடறேன், அப்புறம் ஆசை தீரத் திட்டுங்க, கேட்டுக்கறேன். போன்ல அந்தக் குரல் என்ன சொல்லுச்சு? எலும்புகிட்ட நாத்தம் குடலைப் புடுங்குது, கடைக்காரம்மாவே வந்து மூக்கை வச்சுப் பாத்தாத்தான் ஆச்சுன்னா? அடப்பாவமே. அவ்வளவு தூரம் போகும்னு நான் நெனைக்கவே இல்ல. அந்தக் குரலை விடுங்க, அது இரவல் வாங்கின குரல். அதையே வந்து மன்னிப்பு கேக்கச் சொல்றேன்.

நான் சிரிக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு பயம் வந்தா சிரிப்பு வந்துடும். கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான், மாப்பிள்ளை மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சு, அவரு தன் மூக்குல ஏதோ ஒட்டியிருக்குன்னு நாள் பூரா துடைச்சுகிட்டே இருந்தார்.

விஷயம் இதுதான். இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு எங்க மாமாவுக்காக. மாமான்னா எங்க வீட்டுக்காரரோட அப்பா, இந்த லிப்ட்டுக்காரர். ஞாயித்துக்கிழமை ரயிலேறி நாத்தனார் வீட்டுக்குப் போறார். போனா போனதுதான், திரும்பி வர்ற உத்தேசமே இல்ல. பெட்டி அங்க கட்டில் மேல வாயைப் பொளந்துகிட்டுக் கெடக்கு, பாத்தீங்களா? நான் தினமும் அதுலேர்ந்து ரெண்டு சட்டையை எடுத்து ஒளிச்சு வைக்கறேன், அவரு வேற ரெண்டை எடுத்து வைக்கறார். இந்தச் சாப்பாடு முடியறதுக்குள்ள அவரு மனசு மாறணும். மாறலைன்னா மாமா எங்களுக்கு இல்ல. அதான் எனக்கு இன்னிக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

யாரு மாமாவா? உயரமா இருப்பார். சாம்பல் தொப்பி. பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தொண்டையைச் செருமுவார், அப்புறமும் பேசமாட்டார். புதன்கிழமை புதன்கிழமை உங்க கடைக்கு வந்து...

தம்ளர் சாயுது பாருங்க. பரவாயில்ல, தண்ணிதானே, நான் துடைக்கறேன்.

இந்த மனுஷன் பேச்சு இருக்கே, அது அந்தக் கால லிப்ட் மாதிரிக்கா. மூணாவது மாடிக்குன்னு கிளம்பும், ஒண்ணரையாவது மாடியில மாட்டிக்கும். உள்ள இருக்கற வார்த்தை கதவைத் தட்டிகிட்டே இருக்கும், வெளிய வராது. நாள் பூரா இருட்டுக் குழிக்குள்ள கயித்தோடயும் கிரீஸோடயும் வேலை பாத்த மனுஷன், யாருகிட்டப் பேசிப் பழகியிருப்பார்? அத்தை இருந்தவரைக்கும் ரெண்டு பேருக்கும் சேத்து அவங்களே பேசினாங்களாம். நான் கல்யாணமாகி வந்தப்ப அத்தை இல்ல. வந்த புதுசுல மாமா எம்மேல கோவமா இருக்கார்னே நெனச்சுகிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சது, உப்பு கம்மின்னு சொல்லக்கூட அவருக்கு வாரம் ஒண்ணு ஆகும்னு.

அப்படிப்பட்ட ஆளு ஒரு புதன்கிழமை கையில பொட்டலத்தோட வந்து நிக்கறார். கறின்னார். பிரிச்சா நாலு சாப்ஸ். நல்லா கட்டைவிரல் தடிமன், எலும்போட. எனக்கு அதைச் சமைக்கவே தெரியாது. எண்ணெய்ல போட்டுப் பொரிச்சேன். அன்னிக்கு நாங்க சாப்பிட்டது கறி இல்லக்கா, செருப்பு. எங்க வீட்டுக்காரர் மென்னுகிட்டே டிவி பாத்தார், நாடகம் முடிஞ்சு செய்தியே வந்துடுச்சு, வாயில அதே துண்டு. சரி, இதோட விட்டுதுன்னு நெனச்சேன்.

அடுத்த புதன்கிழமை மறுபடி நாலு. செருமினார். குளிர்ச்சியோட அப்படியே சட்டியில போடக்கூடாதாம், கொஞ்ச நேரம் வெளிய வச்சிருக்கணுமாம்னார். எனக்கு ஆச்சரியம்! இவ்வளவு நீளமா அவரு பேசி நான் கேட்டதே இல்ல. யாரு சொன்னாங்கன்னேன். கடையிலன்னார். அவ்வளவுதான், போய் உக்காந்துட்டார்.

அதுக்கடுத்த வாரம், உப்பை முன்னாடியே தடவிடணுமாம். அதுக்கடுத்த வாரம், லேசா மைதா தூவி ரெண்டு பக்கமும் செவக்க விடணுமாம், சும்மா சும்மா பெரட்டக்கூடாதாம். அன்னிக்கு வீடு பூரா புகை, கூரையில இருக்கற புகை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் துண்டோட ஓடி வந்தார், குளிச்சுகிட்டு இருந்திருக்கார் பாவம். ஆனா கறி செவந்துச்சுக்கா! தங்கம் மாதிரி. மாமா தட்டைப் பாத்து ஒரு தடவை தலையாட்டினார், எனக்கு மெடல் குடுத்த மாதிரி இருந்துச்சு.

நான் படிச்சது ஒரே ஒரு வகுப்பறை இருந்த பள்ளிக்கூடம். எல்லா வகுப்புக்கும் ஒரே டீச்சர், அதனால எங்க முறை வந்தா ஒரு பாடம், அத்தோட சரி, மிச்சம் அடுத்த தடவை. எனக்கு அதே ஞாபகம்தான் வந்துச்சு. சமையல் பாடம், வாரத்துக்கு ஒரு வரி. வெங்காயத்தை வளையமா நறுக்கி அடியில போடணும், கறி அதுக்கு மேல உக்காரணும்னு ஒரு வாரம். ஒரு வாரம் பூண்டு. ஒரு வாரம் எலும்பு வேகவச்ச தண்ணி, கறி முங்கக்கூடாது, பாதி உயரம்தான் இருக்கணும்னு. அந்தப் பாதி உயரத்தைக் காட்டறதுக்கு அவரு தன் விரலை எடுத்து என் சட்டிக்குள்ள வச்சுக் காட்டினார் பாருங்க, லிப்ட் குழியில எண்ணெய் அளவு பாக்கற மாதிரி!

ஒரு புதன்கிழமை தோள்ல பெட்டியோட வர்றார். மூணு மாடி. இந்தக் கரண்ட் சட்டி. அடுப்புகிட்ட நின்னு இப்படிப் போராட வேணாமாம், காலையில இதுல போட்டு பட்டனைத் திருப்பிட்டு வேலைக்குப் போயிடலாமாம், சாயங்காலம் வந்தா கறி எலும்பை விட்டுத் தானா கழண்டு வருமாம். நான் சலவைக் கடையில இஸ்திரி போடற வேலைக்கா, நாள் பூரா ஆவியில வெந்துட்டு வந்து மறுபடி அடுப்புகிட்ட நிக்கறதைப் பாத்து உங்ககிட்ட ஏதோ சொல்லியிருக்கார். சொன்னாரா? என்ன சொன்னார்? என் மருமகளுக்குக் கால் வலிக்குதுன்னா? அட! பாருங்க, எனக்குக் கண்ணு கலங்குது. அதை எங்கிட்ட சொல்லமாட்டார், உங்ககிட்ட வந்து சொல்லுவார்.

அடியே, மேஜைக்கு அடியில என்ன பண்ற? வெளிய வா. வணக்கம் சொல்லு. என் பொண்ணுக்கா, நாங்க வாண்டுன்னுதான் கூப்பிடுவோம். என்னடி? ஆமா, இவங்கதான். சும்மா இரு. அவ உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கா, பிரீசர்ல ஐஸ்கிரீம் வைக்க எடமே இல்லையாம், தொறந்தா சாப்ஸ்தான் தலையில விழுதாம். பொய் இல்லக்கா, வந்து பாருங்க. புதன்கிழமை போதாதுன்னு சனிக்கிழமையும் வர ஆரம்பிச்சாரே. புதன்கிழமை கேள்வி, சனிக்கிழமை ரிசல்ட்டு. கறி எப்படி வந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லணுமே. சொல்றதுன்னா என்ன, தலையாட்டல்தான். அதுக்கு ஒரு நாலு சாப்ஸ். நாங்க மூணே முக்கால் பேரு, எத்தனைதான் திங்கறது? எதிர் வீட்டுக்கு, கீழ் வீட்டுக்கு, அந்தத் துண்டுக்காரருக்குன்னு குடுத்துப் பாத்தேன். அவரு ரெண்டாவது தடவை கதவையே தொறக்கல.

அப்பத்தான் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுது. முழுசா எப்படிச் செய்யறதுன்னு ஒரே தடவையில கேட்டா ரெண்டு நிமிஷ வேலைதானே? இந்த மனுஷன் ஏன் வாரம் ஒரு வரி வாங்கிட்டு வர்றார்?

உளவு பாக்கப் போனேன்க்கா. ஆமா! வேலைக்கு மதியம் வரைக்கும் லீவு போட்டுட்டு, தலையில துணியைக் கட்டிகிட்டு, உங்க கடைக்கு எதிர்த்தாப்புல பெயின்ட் கடையில நின்னு ஒரு மணி நேரமா பிரஷ் பாத்தேன். கடைசியில ஒண்ணு வாங்க வேண்டியதாயிடுச்சு. மாமா வரிசையில நிக்கறார். அவரு முறை வருது. நீங்க போங்கன்னு பின்னாடி இருக்கற அம்மாவை விடறார். மறுபடி முறை வருது. நீங்க போங்க, நீங்க போங்க. உலகத்துலயே வரிசையில பின்னாடி போறதுக்கு நின்ன ஒரே ஆளு எங்க மாமாதான். எல்லாரும் போய்க் கடை காலியானதும் தொப்பியைக் கழட்டிட்டு உள்ள வர்றார். உங்களைப் பாத்து செருமறார்.

என்ன சிரிப்பு? சிரிங்க, நல்லாச் சிரிங்க, ஆனா நான் உங்களையும்தான் பாத்தேன். அவரு உள்ள வர்றதுக்கு முன்னாடி தராசோட பளபளப்புல குனிஞ்சு முடியைச் சரி பண்ணினது யாரு? நானா? மத்தவங்களுக்கெல்லாம் கறியைக் காகிதத்துல சுருட்டி டொப்புன்னு போடறீங்க, இவரு பொட்டலத்துக்கு மட்டும் நூல் கட்டி, அதுல ஒரு பூ முடிச்சு. அந்த நூலையெல்லாம் அவரு தூக்கிப் போடறதில்ல தெரியுமா? அவரோட ஸ்க்ரூ டிரைவர் டப்பாவுல சுருட்டிச் சுருட்டி வச்சிருக்கார்.

அதைவிட இன்னொண்ணு. ரொம்ப நாளா உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். அவரு ஒரு கேள்விதான் கேட்டார், சரி. ஊமைக்கோட்டான், அவரால அவ்வளவுதான் முடியும். நீங்க வாயாடின்னு கடை வாசல்லயே தெரிஞ்சுது. நீங்க ஏன் ஒரு பதில்தான் சொன்னீங்க? உப்பு தடவச் சொன்னப்பவே, அப்படியே மாவு தூவுங்க, செவக்க விடுங்க, வெங்காயத்தைப் போடுங்க, மூடியைத் தொறக்காதீங்கன்னு ஒரே மூச்சுல சொல்லியிருக்கலாமே? ஒரு பிள்ளைக்காரி செருப்பு பொரிக்கறாளேன்னு இரக்கம் வேணாம்? ஏன் சொல்லல? சொல்லுங்க. ஏன் ஜன்னலைப் பாக்கறீங்க?

பாருங்க பாருங்க, காது வரைக்கும் செவந்துடுச்சு! ரெண்டு பக்கமும் செவக்க விட்டாச்சு, இனிமே பெரட்ட வேணாம்.

சரி சரி, கிண்டல் பண்ணல. கடைசி வாரத்துக்கு வர்றேன். அது வரைக்கும் எனக்குக் கிரேவி மட்டும் சரியா வரல. ஒண்ணு தண்ணியா ஓடும், இல்லேன்னா மாவு கட்டி கட்டியா நிக்கும். மாமா போய்க் கேட்டுட்டு வந்தார். சோளமாவைப் பச்சத் தண்ணியிலதான் கரைக்கணுமாம், சுடுதண்ணியில இல்லையாம். கறியை வெளிய எடுத்து வச்சுட்டு, அந்தக் கரைசலை ஊத்திக் கிண்டி, பட்டனை ஏத்தி வச்சுக் கொஞ்ச நேரம் விடணுமாம். அன்னிக்கு வந்துச்சு பாருங்க ஒரு கிரேவி! கரண்டியைத் தூக்கினா அதோட முதுகுல பட்டுத் துணி மாதிரி படியுது. வாண்டு தட்டை நக்கினா, எங்க வீட்டுக்காரர் அவ தட்டையும் நக்கினார். நான் குதிச்சேன். மாமா, பாடம் முடிஞ்சுது, நான் பாஸ், இனிமே யாருகிட்டயும் எதுவும் கேக்க வேண்டியதே இல்லன்னேன்.

அவரு மூஞ்சி விழுந்துச்சு. நான் பாஸாகி அவரு பெயிலான மாதிரி.

அடுத்த புதன்கிழமை எப்பவும் போலத் தொப்பியைப் போட்டுகிட்டுப் போனார். வெறுங்கையோட வந்தார். கறி எங்க மாமான்னேன். செருமிட்டு உள்ள போயிட்டார். அன்னிக்குச் சாயங்காலமே நாத்தனாருக்குப் போனைப் போட்டு, அங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டார். நாத்தனார் நல்லவங்க, வாங்கப்பான்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. ஆனா எனக்கு மனசு கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு வாண்டுதான் சொன்னா. அவகிட்ட மட்டும்தான் அவரு முழுசாப் பேசுவார். தாத்தா கடையில போய் நின்னாராம், கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையாம், சும்மா நின்னாராம், அந்தக் கடைக்காரங்க, இன்னும் என்ன, எல்லாந்தான் சொல்லியாச்சேன்னு சொன்னாங்களாம்.

சொன்னீங்களா?

கூட்டம் இருந்துச்சா? கறி வெட்டற மிஷின் வேற நின்னுடுச்சா? அவரு முகத்தைக்கூட நிமிந்து பாக்கலையா? அதான்! அதேதான் நானும் சொன்னேன்! அந்த அக்கா அப்படிச் சொல்ற ஆளே இல்ல, வேலை மும்முரத்துல வந்த வார்த்தைன்னு சுவத்துக்கிட்டச் சொன்னேன், ஏன்னா வேற யாருகிட்டயும் சொல்ல முடியல. மத்தவங்களா இருந்தா அந்த வார்த்தையை வாசல்லயே உதறிட்டு வந்திருப்பாங்க. இவரு அதை வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்து, படியேத்தி, பெட்டியில முதல் சாமானா வச்சுட்டார்.

அப்புறம் வந்த புதன்கிழமை அவரைத் தேடினீங்களா? நெசமாவா? நாலு எடுத்துத் தனியா வச்சீங்களா? நூல் கட்டியா? ஐயோ அக்கா, இந்தப் பையில இருக்கறது அதுவா? இங்க குடுங்க. ஆமா, பூ முடிச்சு! கெட்ட கறிக்குப் பதிலாக் கொண்டு வந்த பொட்டலத்துக்கு எதுக்கு இந்த முடிச்சு? கை பழகிடுச்சா? நம்பிட்டேன், நம்பிட்டேன். வாண்டு, ஓடிப் போய் இதைப் பிரீசர்ல வை. எடம் இல்லைன்னா உன் பொம்மையை வெளிய எடுடீ, அதை ஏன் அதுக்குள்ள வச்ச?

இப்ப மணி ஆகப்போகுது. உருளைக்கிழங்கு வெந்துடுச்சு, நீங்க மசிக்கறீங்களா? உக்காந்த எடத்துலயே மசிங்க, வெண்ணெய் இந்தாங்க, பால் சூடா இருக்கு. பாத்தீங்களா, என்ன அழகா மசிக்கறீங்க, என் கை இஸ்திரி போட்டுப் போட்டு எதையும் தட்டையாக்கத்தான் செய்யும்.

நீங்க பெரிசா ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. அழ வேணாம், வசனம் வேணாம். அவரு உள்ள வருவார், உங்களைப் பாத்ததும் தொப்பியைக் கழட்டுவார், அப்புறம் கதவு நிலையைப் புடிச்சுகிட்டு அப்படியே நின்னுடுவார். ஒண்ணரையாவது மாடி. அப்ப நீங்க சும்மா ஒரு வார்த்தை, புதன்கிழமை வருவீங்களான்னு கேளுங்க. இவ்வளவு நாள் அவரு கேட்டார், இந்தத் தடவை நீங்க கேளுங்களேன். அது போதும். பெட்டியை நான் மூடிக்கறேன். காலிப் பெட்டியை.

ஏன் கரண்டியை வச்சுட்டீங்க? எங்க போறீங்க? ஏப்ரன், தலைமுடி எல்லாம் ஒரு காரணமா? அதுல ஒண்ணும் இல்ல, என் சட்டை தர்றேன்... ஓ. மகனா. மகன் என்ன நெனைப்பார்னு.

நியாயம்தான். நானும் அதுக்குத்தான் இத்தனை நாள் பயந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு அம்மான்னா உசிரு. நான் வந்த புதுசுல அவரோட சித்தி ஒருத்தங்க வந்து, உங்கப்பாவுக்குன்னு பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு பாக்கலாமேன்னு பேச்சை எடுத்தாங்க. இவரு தட்டை எடுத்துகிட்டு எழுந்து போய் மாடிப்படியில உக்காந்து சாப்பிட்டார். அன்னிலேர்ந்து அந்தப் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல. அதனால நான் உளவு பாத்தது, நூல், தராசு எதைப் பத்தியும் அவருகிட்ட மூச்சு விடல. பெயின்ட் பிரஷ் எதுக்குன்னு கேட்டதுக்கு, வாண்டு கேட்டான்னு சொல்லிட்டேன்.

நேத்துக் காலையில நான் கிளம்பிகிட்டு இருக்கேன், வந்து நிக்கறார். அப்பனைப் போலவே ரெண்டு தடவை செருமறார். புதன்கிழமைன்னா என் வண்டி அந்தத் தெரு வழியாத்தான் போகும், தெரியுமான்னார். அவரு ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டறார்க்கா. உங்க பக்கத்துக் கடைக்கு ரொட்டி போடறது அவருதான். புதன்கிழமை மட்டும் ரொட்டி லேட்டா வருதுன்னு அந்தக் கடைக்காரர் புலம்புவாரா? புலம்புவார்ல? ஏன்னா எங்க வீட்டுக்காரர், அப்பா வரிசையில நிக்கறதைப் பாத்தா வண்டியை நிறுத்தமாட்டாராம். சுத்திகிட்டே இருப்பாராம். தன்னைப் பாத்துட்டா அப்பா வெக்கப்பட்டு வரிசையை விட்டுப் போயிடுவாரேன்னு, அவரு பொட்டலத்தோட வெளிய வர்ற வரைக்கும் தெருவைச் சுத்திச் சுத்தி வருவாராம். மாசக்கணக்கா! எனக்குத் தெரியாதுன்னு அவரும், அவருக்குத் தெரியாதுன்னு நானும். எப்படி இருக்கு கதை?

அப்புறம் ஒண்ணு சொன்னார். அம்மா போனதுக்கப்புறம் அப்பா எதையும் ஆரம்பிச்சு முழுசாச் சொல்லி முடிச்சு நான் கேட்டதில்ல. வெங்காயத்தை அடியில போடணும்ங்கறதை முழுசாச் சொன்னார்னார். அதைச் சொல்லிட்டுத் திரும்பிகிட்டார். நான் அவரு சட்டையில இல்லாத கசங்கலைத் தேய்ச்சுகிட்டு நின்னேன்.

நீங்களும் தனி ஆளுதான்னு அந்தப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தாராம். அதான், உங்களைக் கூப்பிட்டுடலாம்னு முடிவாச்சு. எப்படிக் கூப்பிடறது? சாப்பிட வாங்கன்னா வருவீங்களா? கடை இருக்கு, வேலை இருக்கு, இன்னொரு நாள்னு சொல்லுவீங்க. ஆனா உங்க கடைக் கறியைக் குறை சொன்னா? கையில இருக்கற கத்தியைக்கூடக் கீழ வைக்காம ஏறி வருவீங்கன்னு நாங்க கணக்குப் போட்டோம். தப்பாப் போடலையே?

எங்க வீட்டுக்காரர் மாமாவை முடி வெட்டக் கூட்டிட்டுப் போயிருக்கார். ஊருக்குப் போற ஆளு சுத்தமாப் போகணும்னு சொல்லி நீலச் சட்டை வேற போட வச்சு. மாமா திருதிருன்னு முழிச்சுகிட்டே போனார், தன்னை எதுக்கு மாப்பிள்ளை மாதிரி...

உஷ். படியில சத்தம். வாண்டு, தட்டு வைடி, எல்லாருக்கும். அஞ்சு! நாலு இல்ல, அஞ்சு. நீங்க உக்காருங்க, ஏப்ரனோடயே இருங்க, அவருக்கு உங்களை அப்படித்தான் தெரியும். மூடியை நான் தொடமாட்டேன், நீங்கதான் தொறக்கணும். இவ்வளவு நாள் வாரம் ஒரு வரியா என்ன சொல்லிக் குடுத்தீங்கன்னு நீங்களே பாருங்க.

வாசல்ல நின்னுட்டாங்க. கேக்குதா? ரெண்டு பேரு செருமறாங்க. முதல்ல செருமினது மாமா. ரெண்டாவது, சாயங்காலம் உங்க கறியை நாறுதுன்னு போன்ல கத்தினதே, அந்தக் குரல். குளியலறைக் கதவைச் சாத்திட்டு அவ்வளவு நேரம் ஒத்திகை பாத்தார். அவரைத் திட்டறதா இருந்தா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க.

கதவைத் தொறக்கட்டுமா, அத்தை?